சுமதிக்கு அந்த நாற்பது நாள் வேண்டாம்

சேகர், முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். உன் அக்கா கஸ்தூரியின் மகன் முருகன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்து, அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் அப்ரண்டிசாகச் சேர்ந்துவிட்டான். நீலச் சட்டை, நீலக் கால்சட்டை, பாக்கெட்டின் மேல் அவன் பெயர். போன வாரம் என்னைப் பார்க்க வந்தபோது அந்தச் சட்டையோடுதான் வந்தான்; மாற்றாமல் வா என்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கினவனை நேர் வழியில் கூட்டி வராமல் டீக்கடைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு கூட்டி வந்தேன். அவன் தங்கை தேவி காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் தொண்ணூற்றாறு. பாக்கி நாலு எங்கே போயிற்று என்று கேட்டதற்கு, "அது வாத்தியாருக்கு, ஆயா" என்கிறாள். உன் மகன் பாபு உயரம் தாண்டுவதில் கோப்பை வாங்கியதை நீ எழுதியிருந்தாய். கடைசியில் சொன்னாலும் எனக்கு முதலாவது உன் மகள் சுமதி. டைப்ரைட்டிங் ஹையரில் முதல் வகுப்பு! ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்டவளின் பேத்தி, கண்ணை மூடிக்கொண்டு இங்கிலீஷில் தட்டுகிறாள். இங்கே மண்ணூரில் இதைக் கேட்காத ஆள் இல்லை. தபால்காரரிடம் சொன்னபோது, "போன தபாலுக்கே சொல்லிட்டீங்களேம்மா" என்றார். இன்னொரு தடவை கேட்டால் காது தேய்ந்தா போய்விடும்?

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழுந்துவிட்டேன். சுமதிக்கு வரன் வந்திருக்கிறது, பையனுக்குக் காஞ்சிபுரத்தில் பாங்கு வேலை, தை மாசம் பெண் பார்க்க வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதற்குள் அவள் உடம்பைக் குறைத்தாக வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். உங்கள் பக்கத்தில் புதிதாக ஓர் இடம் திறந்து, இடுப்பில் பெல்ட்டை மாட்டி மிஷினால் குலுக்குகிறார்களாம். டப்பாவில் ஒரு மாவைக் கொடுத்து, மூன்று வேளையும் அதையே கரைத்துக் குடி என்கிறார்களாம். அதற்கு உன் இரண்டு மாசச் சம்பளத்தைக் கேட்கிறார்களாம். 'பெங்களூரில் குடித்தனம் பண்ணிக்கொண்டு அதெல்லாம் நமக்குக் கட்டாது அம்மா. அக்கா கல்யாணத்துக்கு முன்னால் நீ நாற்பது நாள் ஏதோ வைத்தியம் செய்தாயே, அக்கா பொம்மை மாதிரி ஆனாளே, அதை அப்படியே எழுதி அனுப்பு. செலவில்லாத வைத்தியம்.' இது உன் எழுத்து. படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன், பூட்டினால் போய்விடும் என்பது போல.

உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நீ பார்த்தது மணவறையில் உட்கார்ந்திருந்த அக்காவைத்தான். மற்றதை அவளும் உனக்குச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. முப்பது வருஷம் கழித்து இப்போது சொல்கிறேன். படித்துவிட்டு உன் பெண்டாட்டி லலிதாவிடமும் கொடு. சுமதியிடம் கொடுப்பதானாலும் எனக்குச் சம்மதம்.

கஸ்தூரி சின்ன வயதிலிருந்தே பூசினாற்போன்ற உடம்புக்காரி. உங்கப்பா வழி உடம்பு அது. நடவில் இறங்கினால் இரண்டு ஆள் வேலை செய்வாள். வேர்க்கடலை பிடுங்குகிற நாளில் அவளோடு யாரும் போட்டி போட முடியாது. பதினேழு வயதில் வாலாஜாபாத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவும் மாமாவும் வந்து பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லி வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். முகூர்த்தப் புடவையும் ரவிக்கையும் மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது வழக்கம். புடவைக்கு அளவு வேண்டாம், ரவிக்கைக்கு வேண்டும். அதனால் மாப்பிள்ளையின் அக்கா ஒரு நாள் வந்து, "பொண்ணோட அளவு ரவிக்க ஒண்ணு குடுங்க அத்தே" என்று கேட்டாள். அந்தப் பெண் வெற்றிலைக் கொடி மாதிரி இருந்தாள். கஸ்தூரி அப்போது கழனிக்குப் போயிருந்தாள்; அவள் ரவிக்கையை எடுக்க உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். மேலாக இருந்த ரவிக்கையை எடுத்து விரித்ததும் அதன் அகலத்தைப் பார்த்து எனக்கு வெட்கமாகிவிட்டது. என் பெண்ணைப் பற்றி நான் வெட்கப்பட்டது அதுதான் முதல் தடவை. பெட்டிக்கு அடியில் இரண்டு வருஷத்துக்கு முந்தின ரவிக்கை ஒன்று கிடந்தது, கரித்துணிக்கென்று போட்டு வைத்தது. அதை எடுத்து நீவி, மடித்துக் கொடுத்துவிட்டேன். அவள் பிரித்துப் பார்த்து, "நல்ல அளவாத்தான் கீது பொண்ணு" என்று சிரித்தாள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

உங்கப்பாவிடம் சொன்னபோது அவர் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். "இன்னாடி பண்ணி வெச்சிருக்கே? நான் போயி, தப்பா குடுத்துட்டோம், இந்தாங்க சரியான அளவுன்னு சொல்லிட்டு வந்துடறேன். முடிஞ்சுது" என்றார்.

"போங்க. போயி எம் பொண்ணு குண்டுன்னு தமுக்கு அடிச்சிட்டு வாங்க."

"அவுங்கதான் வந்து கண்ணால பாத்துட்டுப் போனாங்களே."

"ஆம்பளைங்க கண்ணுக்கு இன்னா அளவு தெரியும்?"

அவர் மறுபடியும் வைக்கோலை உதற ஆரம்பித்தார். வீட்டு விஷயத்தில் என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசி அவருக்குப் பழக்கமில்லை. அந்த ஒரு நாளாவது பேசியிருக்கலாம். பஸ் ஏறிப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருந்தால் தீர்ந்துபோயிருக்கும் காரியம். அதைச் சொல்ல என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருந்தது. கொடுத்த ரவிக்கையைத் திருப்பி வாங்க முடியாது, பெண்ணை ரவிக்கைக்குத் தகுந்த மாதிரி ஆக்கிவிடலாம் என்று நான் முடிவு செய்தேன்.

முதல் காரியமாக அவளைச் சுங்குவார்சத்திரம் ரைஸ் மில்லுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் காலத்தில் ஆளை நிறுத்த வேறு தராசு ஏது? மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் போயிருப்பார்கள் என்று பார்த்துத்தான் போனேன். ஆனாலும் நாலு பேர் இருந்தார்கள். மூட்டை நிறுக்கிற பலகையின்மேல் கஸ்தூரியை ஏறச் சொன்னேன். எடை போடுகிற ஆள் என்னைப் பார்த்து, "இன்னாக்கா, இது அவிச்ச நெல்லா, பச்ச நெல்லா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருவன், "மூட்டைக்கு நாலு படிதான் கொறச்சல்" என்றான். கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டு தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேகர், நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். சிரிக்காவிட்டால் எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொள்வார்களே என்று சிரித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. நின்றுகொண்டே வந்தாள்.

நீ கேட்ட அந்த வைத்தியம் இதுதான். காலையில் கொள்ளு அவித்த தண்ணீர் ஒரு டம்ளர். மத்தியானம் வடித்த கஞ்சி ஒரு டம்ளர், உப்புப் போட்டு. சாயங்காலம் எலுமிச்சம்பழச் சாறு. ராத்திரிக்கு ஒன்றும் இல்லை. சோறு வைத்த பானையை உள்ளறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். உங்கள் எல்லோருக்கும் அவள்தான் பரிமாறினாள். கல்யாணப் பெண் வேலை கற்றுக்கொள்ள வேண்டாமா என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். பத்து நாளில் முகம் வற்றியது. இருபது நாளில் தோள்பட்டை எலும்பு தெரிந்தது. தலை சீவினால் சீப்பு நிறைய முடி வந்தது. அந்த மாசம் அவள் வீட்டுக்குத் தூரமாகவில்லை, கல்யாணத்துக்கு நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். அவ்வளவுதான் எனக்கு அறிவு. வருகிறவர்கள் எல்லோரும், "பரவால்லியே, நல்லா எளைச்சிட்டாளே" என்றார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் வேகம் வந்தது.

முப்பதாவது நாளோ என்னவோ, மாட்டுக் கொட்டகையில் ஏதோ சத்தம் கேட்டது. தொட்டிப் பக்கம் போய்ப் பார்த்தேன். மாட்டுக்கு ஊற வைத்திருந்த கடலைப் புண்ணாக்கை எடுத்து கஸ்தூரி தின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் தின்றாள். என்னைப் பார்த்ததும் வாயிலிருந்ததைத் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. நான் அவள் முதுகில் அடித்தேன். எலும்பில் பட்டு என் கைதான் வலித்தது. "மாடு தின்றத தின்றியே, ஒனக்கு மானம் கீதா?" என்று கேட்டேன். அவள் சொன்னாள், "நீ சோறு தின்னக் கூடாதுன்னுதானேம்மா சொன்னே. இது சோறு இல்லியே." இடக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே அதுதான் கணக்கு என்று நினைத்துச் சொன்னாள். அப்போதாவது நான் அந்த அறையின் பூட்டைத் திறந்திருக்க வேண்டும். புண்ணாக்கு மூட்டையையும் எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினேன்.

கல்யாணத்தன்று ரவிக்கை பொருந்திவிட்டது. ஒவ்வொரு கொக்கியாகப் போட்டு, கடைசிக் கொக்கியும் மாட்டியதும் மூச்சு விட்டேன். பொம்மை மாதிரி ஆனாள் என்று நீ எழுதியிருக்கிறாயே, சரிதான். யாராவது எழுப்பினால் எழுந்தாள், உட்கார வைத்தால் உட்கார்ந்தாள். பந்தியில் நாற்பது நாளுக்கு அப்புறம் முதல் முதலாகச் சோற்றைப் பிசைந்து இரண்டு வாய் வைத்ததும் எழுந்து போய் வாந்தி எடுத்தாள். அலைச்சல், வேறொன்றுமில்லை என்று சம்பந்தியம்மாளிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்தது, நீயே யோசித்தால் தெரியும். நாற்பது நாள் பட்டினி கிடந்த வயிறு சும்மா இருக்குமா? தலை தீபாவளிக்கு அவள் இங்கே வந்தபோது முன்பு இருந்ததைவிடப் பெருத்திருந்தாள். கூட வந்த சம்பந்தியம்மாள் காபியை ஆற்றிக்கொண்டே, "அளவுக்கு ஒண்ண அனுப்பினீங்க, ஆளுக்கு ஒண்ண அனுப்பிட்டீங்களே சம்மந்தி" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஒவ்வொரு நல்ல நாளைக்கும் அந்த வீட்டில் புதுத் துணி எடுத்தால் அந்தப் பழைய அளவு ரவிக்கையைத்தான் தையற்காரனுக்குக் கொடுத்தார்களாம். அதனால் கஸ்தூரி ஒவ்வொரு விசேஷத்துக்கு முன்னாலும் தானாகவே கொள்ளுத் தண்ணீருக்குப் போய்விடுவாள். இளைப்பாள், விசேஷம் முடிந்ததும் இரண்டு பங்காக ஏறும். உன் கல்யாணத்தில், "அக்கா மறுபடியும் இளைச்சிட்டாளே" என்று நீகூடச் சந்தோஷப்பட்டாய். அதற்கு முந்தின ஒரு மாசம் அவள் ஒரு பருக்கை சோறு தொடவில்லை. பத்துப் பதினோரு வருஷம் அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. கேட்கவேண்டிய இடத்தில் நான் கேட்கவில்லை. பதில் என்ன வருமோ என்று பயம்.

தேவிக்கு நாலு வயதாகும்போது கஸ்தூரிக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆயிற்றே, பித்தப்பையில் கல் என்று, நீகூட லீவு போட்டு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாய். நீ போன மறுநாள், காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரியில், டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்து அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். இப்படிப் பட்டினி கிடந்து கிடந்து சட்டென்று இளைப்பதும் கல் சேர ஒரு காரணமாகலாம் என்று சொன்னார்.

"எத்தனை தடவை இப்படி இருந்திருப்பே?"

"எட்டு ஒம்பது தடவ இருக்கும்மா."

"யாரும்மா உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?"

நான் கட்டில் கால்மாட்டில் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டு நின்றிருந்தேன். கஸ்தூரி என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவிடம், "யாரும் சொல்லலைங்க. நானாத்தான்" என்றாள். நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு சுளையாக நார் எடுத்துக்கொண்டே இருந்தேன். அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்பது அன்றைக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, சேகர். அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அந்த டாக்டரம்மா மருந்து எதுவும் எழுதித் தரவில்லை. "உங்க வீட்ல தினமும் என்ன சமைப்பீங்க, சொல்லுங்க" என்று கேட்டு, நான் சொன்னதை வைத்தே எது கூட்டலாம், எது குறைக்கலாம் என்று சொன்னார். புதிதாக ஒன்றும் வாங்காதீர்கள், ஒரு வருஷம் ஆகும் முன்னால் பலனைக் கேட்காதீர்கள் என்றார். இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆபரேஷன் ஆன உடம்போடு கஸ்தூரி மூன்று மாசம் இங்கே என்னோடு இருந்தாள். எனக்கும் அப்போது முழங்கால் வலி. இரண்டு பேரும் சேர்ந்தே செய்தோம். காலையில் கேழ்வரகுக் கூழ், மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு. மூன்று வேளைச் சோறு மத்தியானம் ஒரு வேளையாயிற்று. அதிலும் ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் கீரை. வேலியில் முருங்கை இருக்கிறது, கொல்லையில் கத்திரியும் அவரையும் இருக்கிறது, காசு கொடுத்து வாங்கியது எதுவும் இல்லை. சாயங்காலம் பச்சைப்பயறு ஒரு கை அவித்து. விளக்கு வைக்கும் நேரத்திலேயே இரண்டு கேழ்வரகு அடை, அதோடு சரி. காபிக்குச் சர்க்கரை பாதி. வெயில் தாழ்ந்ததும் ஏரிக்கரை மேலே, தண்ணீர் வழிகிற கலங்கல் வரை நடந்து திரும்புவோம். முதல் வாரம் பாதி தூரம் போய் உட்கார்ந்துவிட்டேன். "நீ ஒக்காரும்மா, நான் போயிட்டு வரேன்" என்று போனவள், திரும்பி வரும்போது எனக்காக ஒரு குச்சி ஒடித்துக்கொண்டு வந்தாள்.

மாசம் ஒரு கிலோ குறைந்தது. சில மாசம் அரைக் கிலோ. அவள் வாலாஜாபாத்துக்குத் திரும்பிப் போயும் அதையே விடாமல் செய்தாள். நடுவில் பொங்கலுக்கு இங்கே வந்து, போனபிறகு நிறுத்துப் பார்த்தால் குறைவதற்குப் பதில் ஏறியிருந்தது. அழுதுகொண்டே பஸ் ஏறி இங்கே வந்துவிட்டாள்.

"எல்லாம் போச்சும்மா. நாளைலருந்து கொள்ளுத் தண்ணிதான்."

"வூட்ல கொள்ளு இல்ல."

"கடைல வாங்கினு வா."

"வாங்க மாட்டேன்."

"அப்போ மட்டும் வாங்கினு வந்தியே?"

தட்டை வைத்துச் சோறு போட்டேன், வழக்கமாகப் போடுகிற அளவு. அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் எதிரில் ஒரு தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெகு நேரம் கழித்துச் சாப்பிட்டாள். பன்னிரண்டு வருஷமாகிறது. இன்றைக்கும் அவள் ஒல்லி இல்லை. ஆனால் படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை, சர்க்கரை வியாதி வரவில்லை, இளைத்தது திரும்ப ஏறவும் இல்லை. பண்டிகை வந்தாலும், விருந்தாளி வந்தாலும், துக்க வீட்டுக்குப் போனாலும் விடாமல் செய்ய முடிகிறதையே செய்தாள். அதனால்தான் நிலைத்தது.

ஒன்று மட்டும் திரும்பி வரவே இல்லை. முருகனுக்கு வேலை கிடைத்ததற்காக இங்கே பாயசம் வைத்தோம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கஸ்தூரி சமையல்கட்டில் கதவுக்குப் பின்னால் நின்றபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டாள். எந்தப் பந்தியிலும் அவள் உட்கார்ந்து நான் பார்த்து முப்பது வருஷம் ஆகிறது. "வந்து ஒக்காந்து தின்னேன்டி" என்றேன். "இப்படியே பழகிடுச்சும்மா, விடு" என்றாள்.

இப்போது சுமதி விஷயத்தில் என் குற்றம் ஒன்று இருக்கிறது, அதையும் கேட்டுக்கொள். போன சித்திரையில் அவள் லீவுக்கு வந்திருந்தபோது, பக்கத்து வீட்டுப் பொம்பளைகள் நாலு பேர் இருக்கையில், "எம் பேத்தி டைப் அடிக்க நாற்காலி பத்தாது, பெஞ்சுதான் போடணும்" என்று சொல்லிவிட்டேன். பெருமை பீற்றிக்கொள்கிற மும்முரத்தில் வந்த வார்த்தை. எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். மறுநாளிலிருந்து இரண்டாவது இட்லி வைத்தால், "போதும் ஆயா" என்றாள். ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்பக்கமாக வந்தேன். சமையல்கட்டில் சுமதி நின்றுகொண்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு, பழைய சோற்றைக் கையால் அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். நான் சத்தம் காட்டாமல் குடத்தோடு வெளியிலேயே நின்றேன். முடித்துவிட்டு அவள் கை கழுவின பிறகுதான் உள்ளே போனேன். அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும்.

அதனால் கொள்ளுத் தண்ணீர் கணக்கை மேலே எழுதியிருக்கிறேனே, அது நீ செய்வதற்காக எழுதியதில்லை. அந்த டப்பா மாவும் வேண்டாம். வேண்டுமானால் அவர்களிடம் போய், டப்பா தீர்ந்துபோன மறுநாள் என் பெண் என்ன சாப்பிடுவாள் என்று கேட்டுப் பார். உங்கள் ஊரில் கேழ்வரகு நம் ஊரைவிட மலிவு. சுமதிக்கு மூச்சு வாங்குகிறது, முழங்கால் வலிக்கிறது என்றால், அவளுக்கே இஷ்டமிருந்தால், நான் சொன்ன அந்த இரண்டாவது வழியில் போகட்டும். வரன் வருகிற தேதிக்குள் என்று கெடு வைக்காதே. அவளுக்கு மட்டும் தனிப் பாத்திரம் வைக்காதே. நாலு பேருக்கும் ஒரே சமையல், ஒரே நேரம், எல்லோரும் உட்கார்ந்து. போன தடவை பார்த்தேன், உன் சட்டைப் பொத்தானும் உன் வயிறும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நீயும் ஒரு கரண்டி குறை. வேலை விட்டு வந்ததும் அவளோடு நட. நடக்கும்போது உடம்பைப் பற்றிப் பேசாதே, டைப்பைப் பற்றிக் கேள்.

உன் கடிதத்தின் ஓரத்தில் நீ சின்ன எழுத்தில் எழுதியிருந்ததை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. ரவிக்கைக் கதையைச் சொல்லாமல் அதைப் பேச முடியாது என்றுதான் கடைசிக்கு வைத்தேன். பையன் வீட்டுக்கு இரண்டு வருஷத்துக்கு முந்தின சுமதி படத்தைக் கொடுத்துவிட்டாய், தை மாசத்துக்குள் அவள் அந்தப் படத்தில் இருக்கிற மாதிரி ஆகிவிட வேண்டும், அப்புறம்தான் புதுப் படம் எடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனாலும் நான் செய்ததையே செய்திருக்கிறாய்.

காஞ்சிபுரம் இங்கிருந்து ஒரே பஸ். அந்த வீட்டுக்கு நானே போகிறேன். 'அது பழைய படங்க, இதுதான் எங்க பொண்ணு, இவளைப் பிடிச்சா வாங்க' என்று சொல்லிவிட்டு வருகிறேன். பிடிக்கவில்லை என்றால் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புகிறேன், எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது. கையில் கொண்டுபோக எனக்குச் சுமதியின் படம் வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை அவளை ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போ. வயிறாரச் சாப்பிட்ட பிறகு கூட்டிக்கொண்டு போ. அவளுக்கு எந்தப் புடவை பிடிக்குமோ அதைக் கட்டிக்கொள்ளட்டும். முகம் மட்டும் எடுக்க வேண்டாம், தலையிலிருந்து கால்வரை, நேராக நிற்கிற மாதிரி எடுக்கச் சொல். இரண்டு பிரதி போடு, ஒன்று எனக்கு. கவரில் முன்னும் பின்னும் அட்டை வைத்து அனுப்பு, தபாலில் மடங்கிவிடப் போகிறது.